படமில்லாத பாட்டு

“உனக்கு நடவே வராது, பாட்டு மட்டும் எங்கேருந்து வரும்?” என்று அம்மா கேட்டாள்.

பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரிக்குக் காத்திருந்த ஆனி மாதம் அது. கீரப்பாளையம் பக்கம் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் நடவு செட்டில், சேர்ந்து கூலிக்கு நடும் பெண்களோடு, நானும் இறங்கியிருந்தேன். நடவில் எல்லோரும் பின்னால் நகர்ந்துகொண்டே நட வேண்டும். நான் நகரவில்லை. இரண்டு பக்கத்துப் பெண்களும் நட்டுக்கொண்டே போய்விட்டார்கள். வலமும் இடமும் நாற்று, நடுவில் நான். அப்படி மாட்டிக்கொண்டவளை வைத்துப் பாட்டுக் கட்டுவது செட்டின் வழக்கம். என்னைப் பற்றி நான்கு பாட்டு கட்டினார்கள். பதிலுக்கு நானும் ஒன்று கட்டுகிறேன் என்றபோதுதான் அம்மா அப்படிக் கேட்டாள். அவள் சொன்னது சரி. எனக்கு இரண்டுமே வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்வதே இல்லை. அடக்கமாகச் சொல்ல வேண்டிய விஷயமாகவும் எனக்குத் தெரியவில்லை.

சிதம்பரத்தில் கல்லூரி. முதல் வருடம் துறை விழாவில் ஆளுக்கொரு பாட்டு பாட வேண்டும் என்றார்கள். எல்லோரும் சினிமாப் பாட்டு பாடினார்கள். எனக்கு முழுதாகத் தெரிந்தது ஒன்றுதான், செட்டில் களைத்துப்போகும் நேரத்தில் மெதுவாகப் பாடுவது.

நாத்தங்கால் பொறந்த வூடு, நடுவயலு போன வூடு
மூணு நாளு தலசாஞ்சேன், நாலாம் நாளு நிமிந்துகிட்டேன்.

அதற்குப் பிறகு சேற்றைப் பற்றி ஒரு பகுதி வரும். மேடையில் சேறு வேண்டாம் என்று அதை விட்டுவிட்டேன். பாடி முடித்ததும் நிறையக் கைதட்டினார்கள்.

“எந்தப் படம்டி?” என்று பக்கத்தில் உட்காருகிற கடலூர்க்காரி கேட்டாள்.

நடவில் பாடுவது என்று சொல்ல வாய் வரவில்லை. “பழைய படம். கறுப்பு வெள்ளை” என்றேன்.

போனில் தேடினார்கள். கிடைக்கவில்லை. “பிரிண்ட்டே அழிஞ்சிபோச்சாம்” என்றேன்.

திங்கட்கிழமை கடலூர்க்காரி வந்து, “எங்கப்பா அந்தப் படத்தப் பாத்திருக்காராம்டி. சின்ன வயசுல. கடைசில அழுதுட்டாராம்” என்றாள்.

“ஏன், என்ன ஆவும்?”

“அந்தப் பொண்ணு செத்துடுமாம்.”

எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. துறை மேடமும் அந்தப் பாட்டை ரேடியோவில் கேட்ட ஞாபகம் இருக்கிறது என்றார். அதன் பிறகு நான் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. படம் தன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் வருடம் கடலூரில் மாவட்ட அளவில் பாட்டுப் போட்டி வந்தது. கல்லூரிக்கு ஒருவர்தான் தனியாகப் பாடலாம். மேடம் என் பெயரைச் சொல்லிப் படிவத்தைக் கொடுத்தார். பாட்டின் முதல் வரி, படத்தின் பெயர், இயற்றியவர். “படத்தோட பேரு எனக்கு ஞாபகத்துல இல்ல, நீயே எழுதிடு” என்றார்.

ஒரு பெயரை யோசித்துவிட முடியும். பாட்டு அத்தோடு, இல்லவே இல்லாத ஒரு படத்துக்குச் சொந்தமாகிவிடும். உண்மையை எழுதினால் ஒரு வருடமாகப் பொய் சொன்னவள் என்று வகுப்பே தெரிந்துகொள்ளும். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “இதுல என்னா கேக்குறாங்க?”

“நாத்தங்கால் பாட்டு யாரு எழுதினதுன்னு.”

“எழுதினதா? எங்கள்ல யாருக்குடி எழுதத் தெரியும்?”

“சரி, யாரு கட்டினது?”

“மொத ரெண்டு அடி உன் பெரியம்மா. சேறு வர்றது நானு. உன்னப் பள்ளிக்கூடத்துல சேத்த வருசம்.” வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே பாடிக் காட்டினாள்.

வேருல ஒட்டுன சேறு எந்த ஊட்டுச் சேறுடி
அலசிப் பாத்தேன் போவல, அதுவுந்தான் நானுடி.

“அப்படின்னா என்னாம்மா?”

“சேறுன்னா சேறுதான். நடவுலேருந்து அப்படியே ஓடியாந்து உன்னச் சேத்தேன். பைப்புல ரெண்டு தரம் கழுவியும் நகத்துல இருந்துச்சு. டீச்சரு என் கையையே பாத்துகினு இருந்தாங்க. மறுநாள் வயல்ல கட்டுனேன்.” பிறகு கேட்டாள், “காலேஜுல இதையும் பாடினியா?”

“இல்ல.”

“அத வுட்டுட்டா பாட்டு பாதியிலயே நிக்குமே” என்றாள். கோபமெல்லாம் இல்லை. நான் வரிசை தவறி நட்ட நாற்றைப் பிடுங்கி நேராக நடும்போது எப்படிச் சொல்வாளோ அப்படித்தான் சொன்னாள். எழுந்து போய் அரிசி களைந்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். படம் கிடையாது, அது எங்கள் செட்டுப் பாட்டு, பாதியை விட்டுவிட்டுப் பாடினேன் என்று. பிறகு அந்தப் பாதியையும் பாடினேன்.

கடலூர்க்காரி வெகுநேரம் யோசித்தாள். “அப்ப எங்கப்பா எந்தப் படத்துக்குடி அழுதாரு?”

எனக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

தனிப்பாட்டில் சினிமாப் பாட்டு மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று மேடம் சொல்லி, இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்தார். அவள் நன்றாகவே பாடுவாள். நாட்டுப்புறப் பாட்டு குழுப் பிரிவில் வருமாம். அதில் வெளியாட்களும் சேரலாம், ஐந்து பேர் இருக்க வேண்டும் என்றார்.

செட்டில் கேட்டேன். “கடலூருக்கா? நடவில்லாத நாளா இருந்தா வர்றோம். மைக்க மட்டும் கையில குடுக்கச் சொல்லாத” என்றாள் பெரியம்மா. அம்மா எந்தப் புடவை கட்டுவது என்று கேட்டாள்.

நேற்று கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடலூர் போனேன். படிவத்தை வாங்கிய எழுத்தர், இயற்றியவர் என்ற இடத்தில் அம்மா பெயரையும் பெரியம்மா பெயரையும் படித்துவிட்டு, “இவங்க கவிஞருங்களா?” என்று கேட்டார்.

“நடவு ஆளுங்க சார்.”

அதற்கென்று படிவத்தில் தனி இடம் எதுவும் இல்லை. முத்திரை குத்திப் பதிவுச் சீட்டைக் கொடுத்தார்.