அம்மா வெயிலில் உட்கார்ந்த நாள்

பிள்ளைகளா, ஸ்ரீராம்புரம் வீட்டுச் சுவரில் இருந்த பெரிய கண்ணாடி உடைந்துவிட்டது என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அது உடையவில்லை. நான்தான் கழற்றிச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். உங்கள் அம்மாவுக்குக் கட்டி வந்து, ஒரு பக்கத்து மார்பை முழுதாக எடுத்துவிட்ட சமயம் அது. உங்களுக்கு அப்போது ஏழு வயதும் நாலு வயதும். போன வாரம் பெரியவள், "நான் குண்டா இருக்கேன், போட்டோவுக்கு நிக்க மாட்டேன்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து இதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது.

எனக்கு அப்போது ஊருக்கு வெளியே ஓர் இயற்கை மருத்துவமனையில் வேலை. ஆண்களுக்கு ஒரு முற்றம், பெண்களுக்கு ஒரு முற்றம், சுற்றி உயரமான சுவர். எனக்கு ஆண்கள் பக்கம். வருகிறவர்கள் கோவணத்தோடு நிற்பார்கள். நான் சலித்த மண்ணைக் குழைத்து உச்சி முதல் பாதம் வரை பூசிவிடுவேன். காயும்வரை வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு பேங்க் ஆபீசர் முதல் நாள் பனியனைக் கழற்றவே மாட்டேன் என்றார். வயிறு முழுக்க ஆபரேஷன் தழும்போடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரிக்காரர், "எடுங்க சார், உங்க தொப்பையப் பாக்க இங்க யாரும் டிக்கெட் வாங்கிட்டு வரல" என்றார். நாலாம் நாள் அந்த ஆபீசர் மண் பூசிய தொப்பையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் சாயந்திரம் வீட்டில் சொல்லுவேன். அம்மா சிரிப்பாள். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் புடவை மாற்றுவாள். விளக்கைப் போடாமல் குளிப்பாள். இரண்டு வருடம் இப்படியே போனது.

ஒரு நாள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தவளிடம், "நீயும் வாயேன். பொம்பளைங்க பக்கம் தனி. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் சொல்றீங்க. அப்ப கண்ணாடிய ஏன் எடுத்தீங்க?"

"நீ பாத்து அழக் கூடாதுன்னுதான்."

"நான் அழுதேனா? ஒரு நாளாவது?" கையிலிருந்த தோலை முறத்தில் போட்டாள். "உங்களுக்குத்தான் பாக்கப் பிடிக்கலன்னு நெனச்சேன். அதான் கதவச் சாத்திக்கிட்டேன்."

அவள் தன் உடம்பிடமிருந்து ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் ஒளிந்தது என்னிடமிருந்து.

அடுத்த வாரம் அவளே என்னோடு பஸ் ஏறினாள். நான் ஆண்கள் முற்றத்தில் மண் குழைத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரிப்பது கேட்டது. அதில் அவள் சிரிப்பும் இருந்தது. திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஏழு பேரு இருந்தோம். ஒருத்திக்கு ஒரு கால் வீங்கிக் கெடக்கு. ஒருத்திக்கு முதுகெல்லாம் தீக்காயம். யாரு ஒடம்பும் சரியா இல்ல. ஒரே ஒருத்தி என் தழும்பப் பாத்து, 'வலிக்குதா அக்கா?'ன்னா. 'இப்ப இல்ல'ன்னேன். அதுக்கப்புறம் அவ மாமியார் கதைய எடுத்தவதான், மண்ணு காயுற வரைக்கும் நிறுத்தல."

வீட்டுக்கு வந்ததும், நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருமுன், வெளிச்சத்தில் என் எதிரே நின்று முந்தானையை எடுத்தாள். "பாருங்க" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மூஞ்சி தெரிஞ்சதுதானே. கீழ பாருங்க."

பார்த்தேன். நெஞ்சிலிருந்து அக்குள் வரைக்கும் ஒரு கோடு. அவ்வளவுதான். இதற்கா இரண்டு வருடத்தைக் கொடுத்தோம் என்று நினைத்தேன். அவளும் அதையே நினைத்திருப்பாள். அதற்கப்புறம் அவள் கதவைச் சாத்தவில்லை.

ஆனால் நோய் திரும்பி எலும்புக்குப் போய்விட்டது. எங்களுக்கு மீதி கிடைத்தது ஒன்பது மாதம்.

அவள் போன அன்று பெண்கள் குளிப்பாட்டிப் பச்சைப் பட்டு கட்டிவிட்டார்கள். உங்கள் சித்தி ஒரு வெள்ளைத் துணியை மடித்து ரவிக்கைக்குள் அந்தப் பக்கம் வைத்து மேடாக்கியிருந்தாள். "அக்கா கொறையாப் போவக் கூடாது மாமா" என்று அழுதாள். அவள்மேல் தப்பில்லை, பாசம்தான்.

பூமாலை வந்துவிட்டது என்று எல்லோரும் சந்துக்குப் போனார்கள். நான் கதவைச் சாத்தினேன். ரவிக்கையின் கொக்கிகளைக் கழற்றி, அந்தத் துணியை வெளியே எடுத்தேன். திரும்ப மாட்டினேன். முந்தானையை அந்த இடத்தில் தட்டையாகவே படிய நீவிவிட்டு, துணியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்தேன்.