விசில் அடிக்கும்வரை

போன வெள்ளிக்கிழமை பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் எவனோ ஒரு மகானுபாவன் தேங்காயை எறிந்த வேகத்தில், ஓட்டுச் சில்லு ஒன்று பறந்து வந்து என் கணுக்காலைப் பதம் பார்த்தது. நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் திரும்பினேன். ஐம்பதை நெருங்குகிற பெண்மணி, கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் சின்னப் பிள்ளைகளை மேய்க்கிற கௌரவமான உத்தியோகத்தில் இருப்பவள், கோயில் வாசலில் சண்டைக்கு நிற்கலாமா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. ஆனால் காலில் கசிந்த ரத்தத்தைப் பார்த்ததும் செல்வியின் ஞாபகம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றேன்.

காலேஜ் நாட்களில் ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் எங்கள் கபடி டீம் அதே வாசலில் ஒரு தேங்காய் உடைக்கும். உடைப்பது செல்விதான். நாங்கள் எறிந்தால் அது இரண்டாகப் பிளக்கும், சில நாள் உருண்டு ஓடி மானத்தை வாங்கும். அவள் எறிந்தால் பொறுக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அவளுடைய அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். லீவு நாட்களில் இவளும் போய் மாவு அடிப்பாள். அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று இதிலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் ஸ்ரீவராகத்து அக்ரகாரப் பெண். கபடிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்டால், கோபத்தால் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் வருஷம் பஸ்ஸில் இடித்த ஒருத்தனை நான் குடையால் சாத்தியதை விளையாட்டு டீச்சர் பார்த்துவிட்டார். மறுநாளே மண்ணில் இறக்கிவிட்டார். முழங்கையும் முகவாயும் சிராய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "பாட்டு கத்துண்டு லட்சணமா வருவேன்னு அனுப்பினா, கோழிச் சண்டை போட்டுண்டு வரயேடி." டீமில் எனக்குப் பெயர் மாமி. வைத்தவள் செல்வி.

அப்போது மேட் எல்லாம் கிடையாது. மண் தரை, அதில் கண்ணுக்குத் தெரியாத சரளைக் கல். பாடிக்கொண்டு வருகிறவள் குதிகாலால் வாயிலேயே உதைப்பாள். பிடிக்கிறவள் பின்னலைப் பிடித்து இழுப்பாள். ரெஃபரி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது நகத்தால் ஒரு கீறல் இலவசம். ரத்தம் தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால், உதடு கிழிந்தால் செல்வி துப்ப மாட்டாள், விழுங்கிவிடுவாள். அரை இறுதி ஒன்றில் அவளுக்குப் பல் போனது. அதையும் சேர்த்தே விழுங்கிவிட்டாள் என்று நாங்கள் ரொம்ப நாள் கிண்டல் செய்தோம். அவள் மறுக்கவே இல்லை.

அவள் நின்றது இடது மூலையில். எதிராளியின் கணுக்காலைப் பிடிப்பது மூலையில் நிற்கிறவளின் வேலை. பிடித்த நொடியிலேயே மேலே விழுந்து அமுக்குவது பக்கத்தில் நிற்கும் என் வேலை. டீச்சரின் பாடம் ஒன்றே ஒன்றுதான், மலையாளத்தில் தினமும் நடக்கும். "பிடிச்சா விடருது. விசில் கேட்டாலே விடாவூ, கேட்டோ." பிடித்தால் விசில் கேட்கும்வரை விடக் கூடாது, அவ்வளவுதான். பயிற்சிக்கு அவள் பிடித்ததெல்லாம் என் கால்தான். அந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நான் உருவிக்கொண்டு போனதில்லை.

கடைசி வருஷம் அந்த ஸ்காலர்ஷிப் பேச்சு வந்தது. தலைமை, விளையாட்டு, சமூக சேவை மூன்றிலும் தேறுகிற ஒரு மாணவிக்கு மேல்படிப்பும் ஹாஸ்டலும் இலவசம். செல்விக்கு விளையாட்டு டீச்சராக வேண்டும். அவள் அப்பாவுக்கு அவளை வள்ளியூரில் அத்தை மகனுக்குக் கட்டிவைக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் படி, இல்லையென்றால் வைகாசியில் கல்யாணம் என்று அப்பாவும் மகளும் பேசி முடித்திருந்தார்கள். டீம் கேப்டன், சேவை முகாமில் தலைவி, அவளைவிடத் தகுதியானவள் வேறு யார் இருக்கப்போகிறாள். டீச்சர் சொன்னதால் நானும் விண்ணப்பித்தேன். பந்தியில் ஊறுகாய் மாதிரி.

கழக்கூட்டத்தைத் தாண்டி ஒரு காலனியில் சேவை முகாம் போட்டோம். இன்றைக்குக் கார்கள் வரிசையாக நிற்கிற இடம்தான். அப்போது மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். அதற்கு நாங்கள் ஓடை வெட்டினோம். ஒரு காலை வேளையில் செல்வி இடுப்பளவு பள்ளத்தில் நின்று மண்ணை அள்ளிக்கொண்டிருக்க, நான் கரையில் நின்று கூடையை வாங்கிக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டது. ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் புருஷன், கையில் தேங்காய் வெட்டுகிற கத்தி. அவள் பள்ளத்தைத் தாண்டிக் குதித்து ஓடினாள். அவன் தாண்டுவதற்குக் காலை வைத்த இடம், குனிந்திருந்த செல்வியின் முகத்துக்கு நேராக.

யோசித்தா பிடித்தாள் என்று கேட்டால், இல்லை. கணுக்கால் கண்ணில் பட்டது, கை போய்விட்டது. அவன் குப்புற விழுந்தான். நானும் யோசிக்கவில்லை. முழங்காலை முன்னால் விட்டு அவன் தோளில் விழுந்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஆனால் கத்தி இருந்தது மற்றக் கையில். படுத்தபடியே காலை மடக்கி அதைப் பின்னால் வீசினான், தன் காலைப் பிடித்திருந்த கையைக் குறிபார்த்து.

முதல் வெட்டு விரல்மேல் விழுந்தது. "விடுடி, விட்டுத் தொலைடி" என்று கத்தினேன். விடவில்லை. இரண்டாவதும் விழுந்தது. என் முகத்தில் சூடாகத் தெறித்தது. நான் அவன் முன்கையைக் கடித்தேன். எங்கள் குலத்திலேயே மாமிசத்தில் பல் பதித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். உப்புக் கரித்தது, அப்படியும் விடவில்லை. டீச்சர் ஓடி வந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். செல்வியின் கை திறந்தது.

ஜீப்பில் அவள் கையை என் துப்பட்டாவில் சுற்றிப் பிடித்திருந்தேன். துப்பட்டா முழுக்க நனைந்து என் மடியில் சொட்டியது.

"நான் விடு விடுன்னு கத்தினேனே, காதுல விழலையாடி?"

"விழுந்துச்சு. விசில் அடிக்கலியேளா."

இதைக் கேட்டு நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வலது கையில் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் நரம்பு அறுந்திருந்தது. தைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்த ஆளும் தோளில் கட்டோடு கிடந்தான், வாசலில் ஒரு போலீஸ்காரர் காவல். பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள் அதே பெண்டாட்டி. மிச்சக் கஞ்சியைச் செல்விக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஏன் மோளே பிடித்தாய், நான் ஓடிப் பிழைத்திருப்பேனே என்று கேட்டாள். எனக்கு அவளையும் கடிக்க வேண்டும்போல் இருந்தது. செல்வி கஞ்சியைக் குடித்தாள்.

அடுத்த மாதம் பல்கலைக்கழகப் போட்டி. செல்வி தண்ணீர்ப் பாட்டிலோடு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். கேப்டன் நான். அவள் அங்கிருந்து கத்தக் கத்த, நாங்கள் உதைத்தும் உதை வாங்கியும் இரண்டாவதாக வந்தோம்.

ஸ்காலர்ஷிப் நேர்முகத் தேர்வுக்கு அவள்தான் முதலில் போனாள். கதவுக்கு வெளியே நான். உள்ளே என்ன நடந்தது என்று பிறகு சொன்னாள். கத்திக் கதையைக் கேட்டுவிட்டு, ஏன் விடவில்லை என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். "விசில் அடிக்கல சார்" என்றிருக்கிறாள். தேர்வுக் குழுவிலிருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வெளியே கேட்டது, வேலை முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். தலைமைக்கும் சேவைக்கும் அவளுக்கு முழு மதிப்பெண். ஆனால் அந்த வருஷம் பல்கலைக்கழகப் போட்டியில் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. அவள் ஆடவில்லை. நான் ஆடியிருந்தேன், கேப்டனாகவும் இருந்தேன், அதே பள்ளத்தில் அதே ஆள்மேல் விழுந்தும் இருந்தேன். மூன்றும் எனக்கு இருந்தன. மூன்றும் அவளுடையவை.

அறிவிப்புப் பலகையில் என் பெயரைப் பார்த்ததும் அதன் கண்ணாடியை எட்டி உதைத்தேன். கண்ணாடியோடு என் காலும் கிழிந்தது. நேராக ஆபீசுக்குப் போய் எனக்கு வேண்டாம் என்று சொல்லக் கிளம்பினேன். செல்வி பின்னலைப் பிடித்து இழுத்துச் சுவரோடு சாய்த்து, இடது கையால் ஓங்கி ஓர் அறை விட்டாள். காது அடைத்துக்கொண்டது.

"நீ வேண்டாம்னா எனக்கா குடுப்பான்? அடுத்து இருக்க பேட்மிண்டன்காரிக்குப் போவும். வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்னு வையி, இருக்க ஒரு கையாலயே பல்லைத் தட்டிருவேன். ஒருத்தியாவது படிளா."

எனக்கு அவள்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. திருப்பி ஒரு குத்து விட்டேன். அவளுக்கு உதடு கிழிந்தது. வழக்கம்போல விழுங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுததை அறிவிப்பு பார்க்க வந்த பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வைகாசிக்கு முன்னால் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனேன். அவள் அப்பா டீ குடிக்கப் போயிருந்தார். செல்வி டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"காலை நீட்டு மாமி. கடைசியா ஒரு பிடி."

நீட்டினேன். வெட்டுப்பட்ட அந்தக் கையாலேயே பிடித்தாள். அசையக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், சத்தியமாக. ஆனால் பழகின கால், பிடி விழுந்ததும் தானாக இழுத்தது. வெளியே வந்துவிட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போயிட்டியேளா" என்றாள். அதற்குள் பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டேன் என்று அவள் அப்பா கூப்பிட்டார்.

கொஞ்ச காலம் போனில் பேசினோம். பிறகு அந்த நம்பரில் வேறு யாரோ எடுத்தார்கள். வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் நின்று செல்வி என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்புவார்கள். நான் ஒரு தடவை கூப்பிட்டும் பார்த்தேன், திரும்பிய முகங்களில் அவள் முகம் இல்லை. எங்கள் மண் கோர்ட் இப்போது கார் நிறுத்துமிடம். பெண்கள் மேட் விரித்து, முழங்காலுக்கு உறை போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். அது நல்லதுதான், பல்லாவது மிஞ்சும். அந்தக் காலனியும் இல்லை, நாங்கள் வெட்டிய ஓடைமேல் ரோடு ஓடுகிறது.

காலேஜ் ஹாலில் ஸ்காலர்ஷிப் வாங்கியவர்களின் பெயர்களைத் தங்க எழுத்தில் எழுதிய மரப் பலகை ஒன்று இருந்தது. ஹாலை இடித்துக் கட்டியபோது அதை யாரோ விறகுக்கு எடுத்துப் போய்விட்டார்களாம். போன வருஷம் ஒரு விழாவுக்குப் போனபோது, உங்கள் பெயரும் அதில் இருந்ததே மேடம் என்று ஆபீசில் ரொம்ப வருத்தப்பட்டார்கள். பரவாயில்லை என்றேன். நல்ல தேக்கு அது, நன்றாகவே எரிந்திருக்கும்.