கடற்காற்றுக்கு முன்னால் எடுத்த காகிதங்கள்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பிரின்ஸ்பால் ஐயா ஞானமுத்து போய்விட்டார் என்று கிளார்க் மரியதாஸ் காலையில் போன் செய்தபோது, வாயில் பேஸ்ட் நுரையோடு நான் கேட்ட முதல் கேள்வி, "அப்போ இன்னிக்கு லீவா?" என்பதுதான்.

மரியதாஸ், "ஏகாம்பரம், நான் சொன்னது காதுல விழுந்துச்சா?" என்றான். விழுந்தது. இருபத்தாறு வருஷம் நம் கல்லூரியில் அட்டெண்டராக இருக்கிறவன் நான். எந்தத் தலைவர் செத்தாலும் லீவு நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக ஓடுகிற கால் இது. மனசுக்கு முன்னால் கால் கேட்டுவிட்டது. இதே கேள்வியை எத்தனையோ சாவுக்கு ஐயாவிடமே போய்க் கேட்டிருக்கிறேன். "செத்தவருக்கு மரியாதை செய்யணும்னா ஒரு பீரியடு கூடுதலா நடத்தச் சொல்லு" என்பார். ஒருமுறை கடுப்பாகி, "எமனே வந்து நின்னாலும் நீ அவன்கிட்ட லீவுதான் கேப்ப" என்றார். அப்படியே நடந்துவிட்டது ஐயா. வந்தது உங்களிடம், கேட்டது நான்.

பழைய மாணவர் மலருக்கு நானும் எழுத வேண்டும் என்றார்கள். நான் எட்டாவது ஃபெயில், படித்தவர்கள் எழுதட்டும் என்றேன். "அவர் காகிதத்தையெல்லாம் காப்பாத்துனது நீங்கதானே அண்ணே" என்று மடக்கிவிட்டார்கள். எழுத்துப் பிழைகளை மரியதாஸ் திருத்தியிருக்கிறான். மீதி இருக்கிற பிழைகளுக்கும் அவனே பொறுப்பு.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மரக்காணத்து உப்பளங்களில் கால் வெடித்து நிற்கிற காலனிச் சனங்களின் பிள்ளைகளுக்கு மற்ற கல்லூரிகளில் ஏதாவது ஒரு காரணம் சொல்லி இடமில்லை என்ற காலத்தில், அவர்களுக்கென்றே இரண்டு ஓட்டுக் கட்டடத்தில் தொடங்கியது நம் கல்லூரி. நம் சனத்திலேயே பிறந்து, படித்து வந்து, அதன் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் ஐயா. ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆன பிறகும் ஊரில் அவருக்குப் பெயர் பிரின்ஸ்பால்தான். பின்னால் வந்தவர்களெல்லாம் புது பிரின்ஸ்பால்.

நான் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஐயா நான்கு மாதம் அமெரிக்கா போனார். திரும்பி வருகிற அன்று சென்ட் பாட்டிலுக்காக ஸ்டாஃப் முழுக்க வாசலில் நின்றோம். அவர் கொண்டுவந்தது மடித்து வைத்த சாம்பல் நிற அட்டைப் பெட்டிகள். காலிப் பெட்டிகள். "உள்ள இருந்ததை கஸ்டம்ஸ்ல புடுங்கிட்டானா சார்?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. என்னை உட்காரச் சொல்லி, அவர் போன இடத்தைப் பற்றிச் சொன்னார்.

"அங்க கறுப்பு சனங்களுக்குன்னே ஆரம்பிச்ச ஒரு காலேஜ், ஏகாம்பரம். நம்ம காலேஜ் மாதிரிதான். அதை நடத்தின பிரின்ஸ்பால் எப்பவோ செத்துட்டாரு. அவர் எழுதினது, அவருக்கு வந்தது, சமையக்காரருக்குக் குடுத்த துண்டுச்சீட்டு வரைக்கும் ஒரு ரூம் நிறைய வச்சிருக்காங்க. அவரை மிரட்டி எழுதின லெட்டரைக்கூட கிழிக்கல. ஒரு வாரம் உக்காந்து படிச்சேன். அந்த மனுஷனோட ஒரு வாரம் குடியிருந்த மாதிரி இருந்துச்சு. நம்ம சனத்துக்கிட்ட பட்டா இல்ல, பத்திரம் இல்ல. இனிமே காகிதமாவது இருக்கட்டும்."

அன்றிலிருந்து எனக்குச் சனி பிடித்தது. குப்பைக் கூடையைக் கொட்டப் போனால்கூடப் பின்னாலேயே வருவார். அட்டைப் பெட்டிகளோ எங்கள் ஊர்க் காற்றைப் பார்த்ததில்லை பாவம். முதல் ஐப்பசியிலேயே ஊறிப்போன அப்பளம் மாதிரி தொங்கிவிட்டன. உள்ளே இருந்த ஒரு கட்டு நனைந்து ஒட்டிக்கிடந்தது. இனி இது எதற்கு என்று நான் வெயிலில் காயவைத்து, பஸ் ஸ்டாண்டு வாசலில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வறுக்கிற சடையாண்டியிடம் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிட்டேன். ஐயாவிடம் போய்ப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். வீணாக்கவில்லை பாருங்கள் என்று.

சட்டென்று எழுந்து நடந்தார். சைக்கிளில் பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன். சடையாண்டியிடம் மீதி இருந்த தாள்களை வாங்கினார். மடித்து வைத்த பொட்டலங்களை மல்லாட்டையோடு வாங்கினார். பிறகு வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாக, பஸ்ஸுக்கு நிற்கிற ஒவ்வொருவரிடமும் போய், "தின்னு முடிச்சிட்டீங்களா? அந்தக் காகிதம் வேணுமே" என்று கேட்டார். வானூர் பஸ்ஸில் ஏறி சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினார். கண்டக்டர் என்னிடம் மெதுவாக, "பெரியவரு எந்த ஊரு, வீட்ல சொல்லிட்டு வந்தாரா?" என்றார். காலேஜ் பிரின்ஸ்பால் என்றேன்.

அவை எல்லாம் பெற்றவர்கள் எழுதிய கடிதங்கள். பாதிக்கு மேல் கைநாட்டு. ஒரு தாய் யாரையோ விட்டு எழுதியனுப்பிய தாளில் பாதிதான் கிடைத்தது. 'என் மகளை உப்பளத்துக்கு அனுப்ப மாட்டேன், நீங்கள்' என்பதோடு நிற்கிறது. மீதியில் என்ன கேட்டிருந்தாள் என்று தெரியாமல் ஐயா அந்த வருஷம் எந்தப் பெண்பிள்ளையையும் திருப்பி அனுப்பவில்லை. என்னைத் திட்டவுமில்லை. மூன்று நாள் ஆபீசில் எல்லோரும் மல்லாட்டை தின்றோம்.

அதற்கப்புறம் தகரப் பெட்டி வாங்கினார். உப்புக் காற்றில் இரண்டே வருஷத்தில் துருப்பிடித்து, தாளில் எல்லாம் பழுப்பு ஏறியது. மூடியை இறுக்கித் திருகுகிற நீலப் பிளாஸ்டிக் டிரம்களை யோசனை சொன்னவன் நான். ஒன்று ஒன்றாகச் சேர்ந்து இருபத்தி மூன்று ஆனது. குடிக்கு அப்போது பேர்போன ஏகாம்பரம் இருக்கிற ரூமில் இத்தனை டிரம் என்றால் ஊர் என்ன நினைக்கும்? யாரோ தகவல் கொடுத்து மதுவிலக்குப் போலீஸ் வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. அவர்கள் வந்து போனதற்கும் ஐயா எழுதி வாங்கிக்கொண்டார். அந்தச் சீட்டு ஒன்பதாவது டிரம்மில் இருக்கிறது.

எனக்கு இங்கிலீஷ் வராது. உப்பு மூட்டை தைக்கிற சணலால் கட்டி, முடிச்சில் அடையாளம் வைத்தேன். பெற்றவர்கள் கடிதத்துக்கு ஒரு முடிச்சு, சர்க்கார் காகிதத்துக்கு இரண்டு. ஐயாவைச் சாதி சொல்லித் திட்டி வந்த மொட்டைக் கடிதங்களுக்கு மூன்று. மூன்று முடிச்சுக் கட்டை எரித்துவிடலாமா என்று ஒருநாள் கேட்டேன். "என்னைத் திட்டின காகிதமும் என் காகிதம்தான். நல்லதை மட்டும் எடுத்து வச்சா நாளைக்குப் படிக்கிறவன் என்னை நம்ப மாட்டான்" என்றார்.

மாசி தொடங்கி ஆனி வரை, உப்பு எடுக்கிற காலமே எங்கள் காகிதம் காயவைக்கிற காலமும். வாரம் ஒரு டிரம். வாசலில் பாய் விரித்து, தாளைப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஓட்டுச்சில்லு வைப்பேன். பதினோரு மணிக்குக் கடற்காற்று திரும்பும். பறக்கிறது மட்டுமில்லை, அதில் உப்பு ஈரம் இருக்கும். அதற்குள் அள்ளிவிட வேண்டும். நீங்கள் ஒவ்வொருவரும் அந்த வாசலில் குந்தி ஓட்டுச்சில்லு வைத்தவர்கள்தான். பத்தே முக்காலுக்கு மேல் ஐயா பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வருவார். "ஏகாம்பரம், காத்து" என்பார். அவ்வளவுதான்.

இனி சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நான் குடியை விட்ட கதை உங்களில் பலருக்கு என் வாயாலேயே தெரியும். யார் சொல்லியும் விடவில்லை, நானாக விட்டேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேன். என் மகள் வானூரில் டீச்சர். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்னைத்தான் உதாரணம் காட்டுகிறாளாம். உண்மை பதினான்காவது டிரம்மில் இருந்தது.

யூனிவர்சிட்டியிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வந்த நாள். நான் காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். தலைவருக்குப் போட வேண்டிய மாலையைக் கார் டிரைவர் கழுத்தில் போட்டுவிட்டு, டிரம் ரூமில் போய்ப் படுத்துத் தூங்கினேன். மறுநாள் ஐயா மெமோ நீட்டினார். காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "வாயால சொன்னா காத்துல போயிடும். எழுதிக் குடு" என்றார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, கையெழுத்தைத் தவிர வேறெதையும் அதுவரை நான் எழுதியதில்லை. நான்கு வரிக்கு மூன்று நாள் ஆனது. 'நான் குடித்தேன். மாலையை மாற்றிப் போட்டேன். இனிமேல் குடிக்க மாட்டேன். ஏகாம்பரம்.'

அதற்கப்புறமும் இரண்டு தடவை வழுக்கினேன். ஐயா திட்டவில்லை. "பதினாலாவது டிரம்ல உன் கையெழுத்து இருக்குது" என்று மட்டும் சொல்வார். குடிக்க உட்கார்ந்தால் அந்த நீல மூடி கண்ணில் வரும். எங்கள் கரையில் கள்ளச்சாராயம் ஆட்களை வாரிக்கொண்டு போன வருஷம், என்னோடு உட்கார்ந்து குடித்துப் பழகிய கன்னியப்பனும் போனான். அடக்கம் முடிந்து வந்தால் ஐயா என் வீட்டு வாசலில் நாற்காலியில் இருந்தார். என் பெண்சாதி செல்வி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். என்னை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எழுந்து போய்விட்டார். டிரம்மைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

தன் காகிதமெல்லாம் சென்னையில் ஒரு நூலகத்துக்குப் போக வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். அங்கே ஏசி ரூமாம், யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாமாம். காரியம் முடிந்த மறுநாளே, வருகிற வியாழக்கிழமை வேன் வரும் என்று தகவல் வந்துவிட்டது. அந்த நாலு நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றில் கை வைப்பேன், எழுந்து ரூமுக்குப் போவேன். மூடியைத் திருகுவேன், மூடுவேன், வீட்டுக்கு வருவேன், மறுபடி போவேன். "ஏன்யா கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டுத் திரியுற?" என்றாள் செல்வி. உப்பு ஈரம் என்றேன். அவள் வானத்தைப் பார்த்தாள். சித்திரை வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அந்தத் தாளை எடுத்தும்விட்டேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்து வாசல்வரை வந்தேன். பத்தடி தாண்ட முடியவில்லை. பஸ் சீட்டுக்கு அடியில் குனிந்த மனுஷன் குறுக்கே நிற்கிறார். திரும்பிப் போய் வைத்தேன். ராத்திரி எதற்கு வைத்தோம் என்று வருந்தினேன்.

நூலகத்திலிருந்து நிவேதா என்ற பெண் வந்தது. ஒவ்வொரு முடிச்சையும் போட்டோ எடுத்துக்கொண்டு, என்னிடம் அர்த்தம் கேட்டு எழுதிக்கொண்டது. பதினான்காவது டிரம்மையும் திறந்தது. என் நாலு வரித் தாளைப் படித்துவிட்டு, "இந்த ஏகாம்பரம் யாருங்கண்ணே?" என்றது.

"அவன் செத்துட்டாம்மா" என்றேன்.

பக்கத்தில் நின்ற மரியதாஸ் இருமினான். பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தணித்து, "இது சொந்த விஷயம் மாதிரி இருக்குது. நீங்க வேணாம்னா லிஸ்ட்ல சேர்க்க மாட்டேன். எடுத்துக்கோங்க" என்று தாளை என் கையிலேயே கொடுத்துவிட்டது.

கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்றுதானே திருடப் பார்த்தேன்? கேட்காமலே கொடுத்தால் என்ன செய்வது? நின்றேன். இந்தத் தாளை உருவிவிட்டால் ஐயா என்னைக் காப்பாற்றினார் என்பதற்கு உலகத்தில் வேறு எந்த அத்தாட்சியும் இல்லை. என் பேச்சு மட்டும்தான் இருக்கும். அதைத்தான் நான் மாற்றி மாற்றிச் சொல்லிவந்திருக்கிறேனே.

"லிஸ்ட்ல போட்டுக்கம்மா" என்று திருப்பிக் கொடுத்தேன். "எழுத்துதான் கோழி கெளறுன மாதிரி இருக்கும். படிக்க வர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடு."

அன்று சாயந்திரம் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மாலை விஷயம் உட்பட. ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "பிரின்ஸ்பால் ஐயா எனக்கு எப்பவோ சொல்லிட்டாருப்பா. நீயா சொல்ற வரைக்கும் கேக்காதேன்னாரு" என்றாள். பாருங்கள், அவர் ஒரு விஷயத்தை வாயால் சொன்னது இந்த ஒரு தடவைதான் இருக்கும்.

வேன் போன பிறகு ரூம் பெரிதாகிவிட்டது. நின்றால் குரல் எதிரொலிக்கிறது. பத்தே முக்காலுக்கு இன்னும் கால் தானாக வாசலுக்குப் போகிறது. ஐயாவிடமிருந்து எனக்கென்று எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பேனா என் மகளுக்கு, கண்ணாடி கல்லூரிக்கு. என்னிடம் இருப்பது ஒரே ஒரு காகிதம். இருபத்தி மூன்று டிரம் காகிதங்களும் ஒரு தாள்கூடக் குறையாமல் ஏகாம்பரத்திடமிருந்து பெற்றுக்கொள்ளப்பட்டன என்று எழுதி, சீல் போட்டு, நிவேதா கையெழுத்திட்டுக் கொடுத்த ரசீது. ஐயா இருந்திருந்தால் எழுதி வாங்கினாயா என்றுதான் முதலில் கேட்டிருப்பார். வாங்கினேன். பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்வி சட்டையைத் துவைத்துவிட்டாள். ரசீதைப் பிரித்து வாசலில் காயவைத்திருக்கிறேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. மேலே ஒரு ஓட்டுச்சில்லு வைத்திருக்கிறேன். மணி பத்தரை ஆகிறது.