நொடியக்காவின் கட்டைவிரல்

நொடியக்காவுக்கு அரசியல் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாள் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருக்கிறவள் அவள். கேட்பாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். அந்த வாய்க்கட்டுக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது அவள் அலுவலகம். உள்ளே ஆறு டிவி, ஆறு நாற்காலி, எந்நேரமும் இழுத்துவிட்ட திரைச்சீலை. செய்திச் சேனல்களின் விவாதங்களைப் பதிவு செய்து, எந்தப் பக்கத்து ஆளுக்கு எவ்வளவு நேரம் பேசக் கொடுத்தார்கள் என்று அளந்து சொல்வதுதான் அங்கே வேலை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் கேட்பார்கள், ஊடகங்களைக் கண்காணிக்கிற குழுக்கள் கேட்கும், சில சமயம் சேனல்காரர்களே கேட்பார்கள். கம்ப்யூட்டரை வைத்துச் செய்து பார்த்தார்கள். அதற்குக் குரல் பிரிக்கத் தெரிந்தது. ஆனால் பாதிப் பேச்சில் கட்சி மாறுகிற ஆளை என்ன செய்வதென்று அது முழித்தது. ஆகவே நொடியக்கா காதில் ஹெட்ஃபோனும் இரண்டு கையிலும் ஸ்டாப்வாட்சுமாக உட்கார்ந்தாள். அடித்து நொறுக்கு என்கிறவர்களுக்கு இடது கை, பேசித் தீர் என்கிறவர்களுக்கு வலது கை. வாய் திறந்தால் ஒரு அழுத்து, மூடினால் ஒரு அழுத்து. பதினேழு வருஷம் இப்படியே.

எதையும் அளந்து பார்க்கிற அரிப்பு அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. பால் பொங்க எத்தனை நொடி, மாடிப்படி ஏற எத்தனை நொடி, தொலைபேசியில் அத்தை மூச்சு விடாமல் எத்தனை நொடி பேசுகிறாள் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். "எனக்குப் பக்கம் கிடையாது" என்று சொல்லும்போது மட்டும் அவள் தலை கொஞ்சம் நிமிரும். அதில் அவளுக்குப் பெருமை, அதுவும் கொஞ்சநஞ்சப் பெருமை இல்லை.

பக்கங்கள் எல்லாம் வீட்டில் இருந்தன. மாமனார் ஓய்வுபெற்ற ரயில் கார்டு. முப்பத்தோரு வருஷம் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டியவர். எல்லைக்கு அப்பால் போர் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஒரே ஒரு சேனல்தான் பார்த்தார். திருப்பி அடிக்காதவனை உலகம் மதிக்காது என்பது அவர் கட்சி. அவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். நாலு தெரு தள்ளித் தனியாக இருந்தான், ஞாயிறு மதியச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். சின்ன வயதில் அவனைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவள் அவள். அவனுக்கு வேறு சேனல். குண்டு போட்டவன் யாரும் அமைதியாகத் தூங்கியதில்லை என்பது அவன் கட்சி. ஒரே தாக்குதலை ஒரு சேனல் பதிலடி என்றது, மற்றது படுகொலை என்றது. கணவர், சண்டை வாடை அடித்ததும் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுகிற ரகம். அவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல இந்தக் கதையில் ஒன்றும் இல்லை.

ஆரம்பத்தில் அந்தச் சண்டை ஒரு ருசியாகத்தான் இருந்தது. மாமனார் குரலை உயர்த்துவார், தம்பி சிரிப்பான், தம்பி குரலை உயர்த்துவான், மாமனார் கூடுதல் குழம்பு கேட்பார். பிறகு இந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலேயே குண்டு வெடித்துப் பதினோரு பேர் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. உன் ஆட்கள் வைத்தது என்றார் மாமனார். எனக்கு ஏது ஆட்கள் என்று தம்பி தட்டைத் தள்ளினான். உங்கள் சேனல் ஒரு பக்கத்துக்குத்தான் வாயைத் திறக்க விடுகிறது, அதனால்தான் நீங்கள் இப்படிப் பேசுகிறீர்கள் என்றான். என் சேனல் நியாயமானது, உன்னுடையதுதான் ஒருதலை என்றார் அவர். அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நொடியக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கேதான் அவள் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கே தெரிந்துகொள்ள ஆசை. குண்டு வெடித்த மறுநாள் இரண்டு சேனலிலும் வந்த ஒரு மணி நேர விவாதத்தை அலுவலகத்தில் அளந்தாள். அடுத்த ஞாயிறு, சாப்பாட்டு மேஜையில் துண்டுச்சீட்டைப் பிரித்து வாசித்தாள். மாமனாரின் சேனலில் போர்க்கட்சிக்கு இருபத்தாறு நிமிஷம், சமாதானக் கட்சிக்கு இருபத்தொன்று. தம்பியின் சேனலில் ஆளுக்கு இருபத்துமூன்று, தராசில் வைத்த மாதிரி.

மாமனார் சீட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டே வயதான மனுஷர், நிமிஷக் கணக்கை எதிர்த்துப் பேச அவருக்கு வராது. அதோடு தம்பி விட்டிருக்கலாம். விடவில்லை.

"முப்பத்தோரு வருஷம் கொடி காட்டின கை இல்லையா மாமா. யார் சொன்னாலும் காட்டிடும். பின்னாடி யார் அடிபட்டாங்கன்னு பாக்கவா போகுது?"

மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கையைக் கழுவினார், டிவியின் பிளக்கைப் பிடுங்கினார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் வேலை பார்த்த காலத்தில் அவருடைய ரயிலில் ஒரு ஆள் விழுந்து செத்ததும், அதற்காக அவர் மூன்று மாதம் தூங்காமல் கிடந்ததும் தம்பிக்குத் தெரியாது. நொடியக்காவுக்குத் தெரியும். அவள் அப்போது சீட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்கே மாமனார் கிளம்பி ரயில் நிலையத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வயதானவரை வெயிலில் துரத்திவிட்டுச் சாப்பிட எனக்குத் தொண்டையில் இறங்காது என்று தம்பி வருவதை நிறுத்திக்கொண்டான். அவன் வராவிட்டாலும் அவர் போவதை நிறுத்தவில்லை. இப்படி நாலு மாதம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஒன்றுமில்லாமல் சாப்பிட்டார்கள். அவள், எண் எண்தானே, நான் என்ன செய்வேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்துக்கு எல்லோரும் கோச் என்று கூப்பிட்ட ஒருத்தி வந்தாள். நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். தண்ணீர் போய்ப் போய்க் காது வீணாகி, குளத்தை விட்டவள். நொடியக்காவின் வயதுதான் இருக்கும். அளந்ததைச் சரிபார்க்க அவளைப் போட்டார்கள். கேட்காத காதை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஒலியை உச்சத்தில் வைத்துக்கொண்டு, பேசுகிறவர்களின் வாயைப் பார்த்து அழுத்தினாள். மூன்றாவது வாரம், இரண்டு தாளைக் கொண்டுவந்து நொடியக்காவின் முன்னால் வைத்தாள். எல்லாப் போர் விவாதத்திலும் இருவருக்கும் வித்தியாசம் வந்தது. அது பரவாயில்லை, விரலுக்கு விரல் மாறும். ஆனால் வித்தியாசம் எப்போதும் ஒரே திசையில் வந்தது. போர்க்கட்சிக்கு நொடியக்காவிடம் நேரம் கூடுதல், சமாதானக் கட்சிக்குக் குறைவு.

நொடியக்காவுக்குச் சுருக்கென்றது. இடது கை சுறுசுறுப்பு, வலது கையில் பழைய சுளுக்கு என்றாள். கோச் மறுத்துப் பேசவில்லை. கையை மாற்றிப் பிடியுங்கள் என்றாள். மாற்றிப் பிடித்தாள். பிழை இடது கையோடு தங்கவில்லை. போர்க்கட்சியோடு சேர்ந்து அதுவும் வலது கைக்கு இடம் மாறிக்கொண்டது. தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றிய ஒரு விவாதத்தை இருவரும் அளந்தார்கள். அதில் பிழையே இல்லை.

இதற்குள் நொடியக்காவுக்குக் கோபம் போய் ஆர்வம் வந்துவிட்டது. தன் கைகளைத் தானே கைபேசியில் படம் பிடித்து, விவாதத்தோடு சேர்த்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள். போர்க்கட்சிக்காரர் மூச்சை இழுக்கும்போதே கட்டைவிரல் அழுத்திவிடுகிறது. அவர் முடித்து, அடுத்தவர் ஆரம்பித்த பிறகுதான் நிறுத்துகிறது. சமாதானக் கட்சிக்காரருக்கோ முதல் வார்த்தை முடிந்த பிறகு அழுத்தல், மூச்சு வாங்க நின்றாலே நிறுத்தல். ஒரு தடவைக்கு இரண்டு நொடி. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் அறுபது தடவை.

"பிடிக்காதவன் பேசினா நீளமாத் தெரியும், பிடிச்சவன் பேசினா சட்டுனு முடிஞ்ச மாதிரி இருக்கும்" என்றாள் கோச். "நீச்சல் போட்டியில ஒரு ஆளுக்கு மூணு பேர் நேரம் பாப்போம், நடுவுல வர்றத எடுத்துக்குவோம். யாரும் ஏமாத்துவாங்கன்னு இல்ல. விரலை யாராலயும் நம்ப முடியாது."

எனக்குத்தான் பக்கமே கிடையாதே என்று நொடியக்கா தன் கட்டைவிரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலுக்குப் போரைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறதா, அல்லது தம்பியை யாராவது எதிர்த்துப் பேசினால் அதற்குப் பொறுக்கவில்லையா என்பது அவளுக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் அவனை அடித்த பையன்களை அவள் துரத்தியது ஞாபகம் வந்தது. திரையில் கத்துகிற அந்தப் பெரிய மனுஷர்களுக்கும் அதே பையன்களின் முகம் இருந்ததோ என்னவோ.

பழைய பதிவு இரண்டையும் தேடி எடுத்தாள். அவள், கோச், இன்னொருத்தர் என்று மூன்று பேர் அளந்தார்கள், நடு எண்ணை எடுத்தார்கள். மாமனாரின் சேனலில் இருபத்துநாலு, இருபத்துமூன்று. தம்பியின் சேனலில் இருபத்தொன்று, இருபத்தைந்து. தீர்ப்பு தலைகீழாக இருந்தது.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். போர் தொடங்கியதிலிருந்து வந்த ஆறு மாத அறிக்கைகளைத் திருப்பி எடுக்க வேண்டும் என்றதும் அவர் முகம் தொங்கிப்போனது. வேலை போய்விடும் என்றுதான் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே உள்ளே போயிருந்தாள். போகவில்லை. இனிமேல் ஒரு விவாதத்துக்கு மூன்று பேர் என்று மட்டும் முடிவானது. அவளுடைய பெருமைதான் போனது. அது போனதில் ஒரு நிம்மதியும் இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்துக்கே போனாள். மாமனார் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு சரக்கு ரயில் கடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், கட்டைவிரலைக்கூடக் காட்டினாள். அவர் அதைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எத்தனை நொடி என்று மட்டும் கேட்டார். இரண்டு என்றாள். எனக்கு வேண்டிய டிரைவர் தாமதமாக வந்தால் நானும் ஒரு நிமிஷம் குறைத்து எழுதியிருக்கிறேன், ஆனால் எனக்குத் தெரிந்தே எழுதினேன் என்றார். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி போனதும் அவள் பக்கம் திரும்பினார்.

"தம்பிகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல மாமா. முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"சொல்லு. ஆனா என்னை முன்னால வச்சுக்கிட்டு சொல்லாத. சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறப்பவும் சொல்லாத."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு மாதத்துக்கு முன்னால் மேஜையில் சீட்டைப் பிரித்து வாசித்தவள் அவள்தான். அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

அன்று சாயங்காலமே தம்பியின் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவன் முதலில் அந்த மூன்று பேரும் யார், எந்தக் கட்சி என்று கேட்டான். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். ரயிலில் விழுந்த ஆளைப் பற்றியும் அவள் சொன்னபோது, கையில் இருந்த ஸ்பேனரை மேஜையில் வைத்தான். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். சொல்லியிருக்கலாம்தான் என்றாள் அவளும்.

அடுத்த ஞாயிறு பதினொன்றேமுக்காலுக்கு வாசலில் வந்து நின்றான். மாமனார் கிளம்புகிற நேரம், ஒரு கால் செருப்பில் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணவர் துண்டைத் தேடினார்.

"மாமா, அன்னைக்கு நான் பேசினது ஒரு வேகத்துல வந்துருச்சு. ஒரு அஞ்சாறு நொடிப் பேச்சு. அதுக்கு மன்னிச்சிருங்க."

"ஆறு நொடிதான்" என்றார் மாமனார். "எனக்கு இன்னும் நிக்கல. நாலு மாசமா ஓடிக்கிட்டே இருக்கு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மாமனார் செருப்பிலிருந்து காலை எடுத்தார். குனிந்து இரண்டு செருப்பையும் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, உள்ளே வா, ஆறிப்போகும் என்றார்.

சாப்பாடு பாதிகூட ஆகவில்லை, மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். போர் நிற்கவில்லை, அவர்கள் மட்டும் எப்படி நிறுத்துவார்கள்? மாமனார் மேஜையைத் தட்டினார், தம்பி தட்டைத் தள்ளினான். அப்புறம் தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தவன், மாமனார் முடிக்கட்டும் என்று காத்திருந்தான். அவர் கூடுதல் குழம்பு கேட்டார்.

யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று நொடியக்காவைக் கேட்காதீர்கள். ஒரு கையில் குழம்புப் பாத்திரமும் ஒரு கையில் கரண்டியும் வைத்துக்கொண்டு, இரண்டு தட்டுக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.