அப்பாவின் நண்பருக்கு வயிறு எரிகிறதாம்!

இன்றைக்கு படப்பையில், எங்கள் மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நடந்தது இது.

முதலில் ஒரு நல்ல செய்தி. நான் இப்போது ரிஜிஸ்டர்டு ஃபார்மசிஸ்ட்! (கை தட்டலாம், தப்பில்லை.)

பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப், நாலு வருஷம் பி.ஃபார்ம், நடுவில் டிரெயினிங், பிறகு எல்லா சர்டிஃபிகேட்டையும் தூக்கிக்கொண்டு ஃபார்மசி கவுன்சிலுக்கு அலைச்சல். ஒரு வழியாகப் பதிவு எண் வந்துவிட்டது.

டிகிரி மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. பதிவு வேண்டும். பதிவு செய்த ஆள் கடையில் இல்லாதபோது டாக்டர் சீட்டு மருந்தை வேறு யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

காலையில்தான் ஓனர் குமார் அண்ணன் என் சர்டிஃபிகேட்டைச் சுவரில் மாட்டினார். வெள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டு நின்றேன்.

சாயங்காலம், ஒரகடம் கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் நேரம். செம கூட்டம். அதற்குள் நுழைந்து, கம்பெனி யூனிஃபார்மோடு எங்கள் அப்பா!

வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார் என்று உருகிப்போனேன்.

"வவுத்தெரிச்சலுக்கு ஒரு மாத்திரை குடும்மா. எனக்கு இல்ல. எங்க லைன்ல ஏழுமலை கீறான்ல, அவனுக்கு."

(சுத்தம்.)

"மாமாவுக்கு என்ன ஆச்சு?"

"நின்னு நின்னு கால் வலி. கம்பெனி வாசல் கடையில டெய்லி ஒரு செட்டு வாங்கிப் போட்டுக்கினுதான் ஓட்டுறான்."

(செட்டு தெரியும்தானே? வலி என்று சொன்னால், அட்டையிலிருந்து பிய்த்த நாலு கலர் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். பெயரைக் கேட்டால் கொடுத்தவருக்கே தெரியாது.)

"எவ்ளோ நாளா?"

"பொங்கலுக்கு அப்பாலேர்ந்து."

"வேற மாத்திரை ஏதாச்சும் சாப்டுறாரா?"

"பிரஷருக்கு ஒண்ணு. காத்தால."

"வெளிக்குக் கறுப்பா போகுதா?"

அப்பா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு நாளா அப்டித்தான் போவுது. தார் மாதிரி."

வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி உள்ளே ரத்தம் கசிந்தால் அப்படிப் போகும். எரிச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவைக்கிற சமாச்சாரம் இல்லை இது.

அதைவிட முக்கியமான கேள்வி: ஏழுமலை மாமா கக்கூஸ் போன விவரமெல்லாம் எங்கள் அப்பாவுக்கு எப்படித் தெரியும்?!

"மாமாவுக்குப் போன் போடு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்."

"அவன் ஷிஃப்ட்ல கீறான்."

"உன் லைன்னு சொன்ன? உன் ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சே?"

அப்பா கவுன்டர் கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"ப்பா... உனக்கா?"

"ஒனக்கு இன்னிக்கு மொத நாளு. இன்னாத்துக்குக் கலாட்டான்னு பாத்தேன். ஒரு மாத்திரை குடுத்தினா நான் பாட்டுக்கு வூட்டுக்குப் போயிடுவேன்."

"குடுக்க மாட்டேன்."

"நாலு வருசம் படிக்க வெச்சேன், ஒரு மாத்திரை குடுக்க மாட்டியா?"

"நீ படிக்க வெச்சதாலதான்பா குடுக்க மாட்டேன்!"

கூட்டம் முழுக்க எங்களையே பார்த்தது. கோபத்தில் கத்துகிறேனா, பயத்தில் அழுகிறேனா என்று எனக்கே புரியவில்லை. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்!

கோட்டைக் கழற்றியபடி குமார் அண்ணனைப் பார்த்தேன்.

"நீ போயிட்டா கடைய சாத்தணுமேம்மா."

"ஆமாண்ணே."

"சேர்ந்த மொத நாளே, ஃபுல் ரஷ்ல கடைய சாத்த வெக்கிற மொத ஆளு நீதான்!" என்று சொல்லிக்கொண்டே ஷட்டர் கம்பியை எடுத்தார். வரிசையில் நின்றவர்களிடம், "ஃபார்மசிஸ்ட் அவசரமா வெளிய போவுது, கோச்சிக்காதீங்க" என்று கும்பிடு வேறு. (அண்ணே, இதைப் படித்தால் ஒரு லைக் போடுங்கள். உங்களை மறக்கவே மாட்டேன்.)

ஆட்டோவில் வழி முழுக்க அப்பா என் கையை விடாமல் பிடித்திருந்தார்.

வயிற்றில் புண், ரத்தக் கசிவு. அட்மிட் செய்துவிட்டார்கள். மருந்திலேயே சரியாகிவிடும், நல்லவேளை இப்போதே வந்தீர்கள் என்றார் டாக்டர். அந்தச் செட்டை இனி தொடவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

(ஏழுமலை மாமா பார்க்க வந்தார். அவருக்குக் கால் வலியே கிடையாதாம்!)

சற்று முன் டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ் அப்பாவிடம் கேட்டார்: "கரெக்டான டைம்ல யாரு சார் உங்கள இங்க கூட்டிட்டு வந்தது?"

"எங்க ஃபார்மசிஸ்ட்டும்மா."

"உங்களுக்குன்னு தனியா ஃபார்மசிஸ்ட்டா?"

"பின்ன? சொந்தமா ஒண்ணு பெத்து வெச்சிக்கீறேன்!"