பட்டியலில் விடுபட்ட வீடு

டில்லியில் எனக்கென்று ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவளுக்குத்தான் அதைச் செய்தேன்.

எழுபதுகளின் நடுவில் நான் லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. திருச்சிக்காரி, கல்யாணம் ஆகாதவள், கோபக்காரி. மூன்றாவது எனக்குத் தெரியாது, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அவள் திருநெல்வேலிப் பக்கம். வேலைபார்க்கும் பெண்கள் விடுதியில் ஒரே அறையில் நாலு வருஷம் இருந்தோம். முதல் குளிர்காலத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ரஜாய், பஞ்சு அடைத்த கனத்த போர்வை. யார் தன் பக்கம் அதிகம் இழுத்துக்கொண்டது என்று காலையில் சண்டை போட்டுவிட்டு, பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவோம். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகி மோதி பாக் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். குழந்தைகள் பிறந்தன. நான் விடுதியிலேயே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளைப் பார்க்க முடிந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது, எனக்குப் போதவில்லை.

எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தமாகக் கட்டடம் கிடையாது. இந்திக்காரர்கள் ஆராதனை முடித்துப் போனபிறகு அதே சர்ச்சில் எங்களுக்கு மத்தியானம் இடம் கொடுப்பார்கள். பாடகர் குழுவில் இரண்டு பேரும் இருந்தோம். குழுவை நடத்தியவரைப் பாட்டு வாத்தியார் என்போம். ஒரு நவம்பர் ஒத்திகையில் அவள் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி, நீ கொஞ்சம் மெதுவாப் பாடு. ஒன் குரலு ஆபீஸ் பெல்லு மாதிரில்லா இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விடுதிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். விடுதிக் காலத்தில் இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறாள், நான் பதிலுக்கு அவள் மூக்கைச் சொல்வேன். அப்போது அவள் என்னுடையவளாக இருந்தாள், அதனால் வலிக்கவில்லை. இப்போது கணவன், குழந்தைகள், வீடு எல்லாம் இருந்தவள் சொன்னபோது வலித்தது.

டிசம்பரில் சபை கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போகும். டில்லித் தமிழர்கள் மூலைக்கு மூலை சிதறிக் கிடப்பதால் ஒரு வாடகை வேன். ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் கிளம்பி, வீடு வீடாக நின்று இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு துண்டு கேக் என்று எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்ற பட்டியலை வருஷா வருஷம் நான்தான் அலுவலகத்தில் கார்பன் வைத்து டைப் அடிப்பேன். பட்டியலில் இருக்கும் வீட்டில்தான் வேன் நிற்கும். டிரைவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு வழி தெரியாது, எனவே பட்டியல்தான் எஜமான். போன வருஷத்துத் தாளைப் பார்த்து அடித்துக்கொண்டு வந்தவள், மோதி பாக் வந்ததும் அவள் வீட்டைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். மறந்துவிட்டதாகப் பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை.

அந்த வருஷம் அவள் வேனில் வரவில்லை. ஊரிலிருந்து அவள் அப்பாவை வைத்தியத்துக்கு அழைத்து வந்திருந்தாள். அவருக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் அந்த வரியை டைப் அடித்திருப்பேனா என்பதற்கு இன்றைக்கும் என்னிடம் துணிச்சலான பதில் இல்லை.

ஜங்புராவில் மதராசி கேம்ப்பில் பாடி முடித்து, மோதி பாக் போனோம். பாட்டு வாத்தியார் தாளைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "அவங்க வீடு விட்டுப்போச்சே?"

"அப்பாவுக்குத் தொந்தரவா இருக்கும், வர வேணாம்னு சொல்லிட்டாங்க சார்" என்றேன். யோசிக்கவே இல்லை. அவ்வளவு சரளமாக வந்தது.

வேன் திரும்பியது. அவர்கள் தெரு முனையில் இருந்து பார்த்தால் மாடி வராந்தாவில் காகித நட்சத்திரத்துக்குள் விளக்கு எரிவது தெரியும். நான் பார்க்கவில்லை.

ஜனவரியில் அவள் அப்பா இறந்துபோனார். நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். அவளுடைய மகள், நாலு வயது, என் மடியில் ஏறி உட்கார்ந்து பாதித் தமிழும் பாதி இந்தியுமாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, தாத்தா ஷேவ் பண்ணி கோட்டு போட்டு உக்காந்தாங்க. ஆப் லோக் ஆயே ஹி நஹீ." நீங்கள் யாரும் வரவே இல்லை என்றாள். குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். குழந்தையின் அம்மா எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். குளிரில் வந்திருக்கிறாயே, ஸ்வெட்டர் எங்கே என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். மாதம் ஒருமுறை அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து. அதில் சேருகிறவர்கள் முந்தின ஞாயிறே, போதகருக்கு உதவியாக இருந்த உபதேசியாரிடம் பேர் கொடுக்க வேண்டும். அவர் வாசலில் நோட்டுடன் உட்கார்ந்து, ரயில்வே குமாஸ்தா மாதிரி தலைநிமிராமல் கேட்பார்: "யாரோடவாவது மனஸ்தாபம் உண்டுமா?" இல்லை என்று சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான். உண்டு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உண்டென்றால் முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வர வேண்டும்.

வேனில் அத்தனை சரளமாக வந்த பொய் அந்த நோட்டின் முன்னால் வரவில்லை. பேர் கொடுப்பதை நிறுத்தினேன். முதல் மாதம் ஜலதோஷம் என்றேன். பிறகு யாரும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடிட்டுக்கொண்டு முழந்தாளிடுவாள், கிண்ணம் அவளிடம் வரும், அடுத்தவரிடம் போகும். ஒரு மடக்குத் திராட்சரசம்தான். எனக்கு அதன்மேல் இருந்த தாகம் டில்லி ஜூன் மாதத்தில் தண்ணீர்மேல்கூட இருந்ததில்லை.

ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்காமல் இல்லை. தினமும் கேட்டேன். மன்னித்திருப்பார், அவருடைய சுபாவம் அது. நான் மனந்திரும்புவதற்கு முன்பே என்னை நேசித்தவர் என்றுதானே சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நான் தப்புச் செய்தது மோதி பாக்கில். பரலோகத்தோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டு மோதி பாக்கைத் தாண்டிப் போக எனக்கு வழி தெரியவில்லை. போய்ச் சொல்லவும் பயம். சொன்னால் அந்த ஒருத்தியும் போய்விடுவாள். அன்பாக இருக்கிறாள், தெரியாததால் அன்பாக இருக்கிறாள், அது அப்படியே இருக்கட்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் தள்ளிப்போட்டேன். அந்த அன்பை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு சுகமும் இல்லை.

அவள் கணவருக்குத் தெற்கே மாற்றலாயிற்று. வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். சாயங்கால வண்டி. அவர் கூஜாவில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார், குழந்தைகள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவள் பெட்டி வாசலில் நின்றாள், நான் கீழே.

"அந்த கேரல்ல உங்க வீட்ட நான்தான் விட்டேன். வேணும்னே விட்டேன்" என்றேன்.

அவள் உள்ளே திரும்பிக் குழந்தைகளை ஓர் அதட்டு அதட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தெரியும்ட்டி."

"எப்ப?"

"அடுத்த நாளே. பாட்டு வாத்தியார் பஸ் ஸ்டாண்டுல வச்சுக் கேட்டாவ, வர வேண்டாம்னு சொல்லிட்டியளாமேன்னு. ஆமான்னுட்டேன்."

பெட்டி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லியிருப்ப. ஒண்ண மன்னிக்கவே எனக்கு மூச்சு முட்டிச்சு." கணவர் வருகிறாரா என்று பிளாட்பாரத்தை எட்டிப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழம மன்னிப்பேன். செவ்வாக்கிழமக்குள்ள அப்பா கோட்டு போட்டு உக்காந்திருந்தது ஞாவகம் வந்துரும், ஒன் கழுத்தப் புடிக்கணும்னு இருக்கும். அடுத்த ஞாயிறு மறுபடியும் மன்னிப்பேன். ரெண்டு வருசமா இப்பிடித்தான் ஓடிச்சு. நீயா வந்து சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் கணவர் தண்ணீருடன் ஓடிவந்தார். வண்டி நகர்ந்தது. மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கையை எட்டி என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். விடுதியில் ரஜாய்ச் சண்டை முடிவில் தட்டுகிற அதே தட்டு.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதுதான் புரிந்தது. இரண்டு வருஷம் இந்த ஊரிலேயே, பதினைந்து பைசா டிக்கெட் தூரத்தில், ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக எனக்காக அந்த மன்னிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. நான் போய் வாங்கிக்கொள்ளவில்லை. பழையபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூடிய நூறு ஞாயிறுகளை என் பயம் தின்றுவிட்டது. தேவ அன்பைப்பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் எத்தனையோ, அவற்றில் எதற்கும் இப்படி அழுததில்லை.

அதன் பிறகு அவளை நான் நேரில் பார்க்கவில்லை. கடிதங்கள் வந்தன, பிறகு குறைந்தன, பிறகு அவள் மகளிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது.

அவள் டில்லியை விட்டு வண்டியேறிப் போன அடுத்த மாதமே உபதேசியாரிடம் பேர் கொடுத்தேன். மனஸ்தாபம் உண்டுமா என்றார், இல்லை என்றேன், குரல் நடுங்கியதால் தலைநிமிர்ந்து பார்த்தார். மறு ஞாயிறு போய் முழந்தாளிட்டேன். கிண்ணம் உதட்டில் பட்டபோது நான் நினைத்தது ஆண்டவரை அல்ல, அவளை. அது பாவமென்றால், அந்த ஒன்றுக்கு மட்டும் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.