கரையேறச் சொல்வது யார்?

"உனக்கு இன்னாத்துக்குடி இதெல்லாம்? படிக்கிற வேலையைப் பாக்காம, என் வாயைக் கிண்டிக்கினு!"

அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கும் மருமகளைத்தான் திட்டினேன். இங்கிலீஷில் 'கால் இட் எ டே' என்று ஒரு பேச்சு இருக்கிறதாம். இன்றைக்கு இது போதும், வேலையை நிறுத்துவோம் என்று அர்த்தமாம். நம்ம பக்கம் அதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள்.

'கரையேறுங்க' என்போம். நடவில் பொழுது சாய்ந்ததும் மூத்தவள் சொல்வாள். எல்லோரும் வரப்பேறிக் கால் கழுவுவோம். இப்போது மூத்தவள் நான்தான். ஆனால் சொல்வது டவர்.

போன வாரம் நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர் வாரினோம். வேலை முடிந்தாலும் கிளம்ப முடியாது. டவர் கிடைத்தால்தான் பொறுப்பாளர் பெண் செல்போனில் எங்களைப் போட்டோ எடுத்து ஏற்ற முடியும். அதில் முகம் இல்லாதவளுக்கு அன்றைய கூலி இல்லை. அன்று மலை மறைத்துக்கொண்டு டவரே கிடைக்கவில்லை. அவள் போனைத் தூக்கிப் பிடித்தபடி கரையில் அங்கும் இங்கும் நடந்தாள். நாங்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தோம்.

என் பக்கத்தில் இருந்தவள் பச்சைப் பிள்ளைக்காரி. பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது.

"கொழந்த அழுதுக்கினு கெடக்கும் ஆயா. போனா கூலி பூடும்."

"நான் வுழுந்தா வுடுவா பாரு," என்று அவள் காதில் சொல்லிவிட்டுச் சாய்ந்தேன். நடிப்பு பாதிதான். முட்டி இரண்டும் காலையிலிருந்தே சாயக் காத்திருந்தன.

"ஐயோ, ஆயாவ யாராவது வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க!" என்று அலறினாள் பொறுப்பாளர்.

கண்ணைத் திறக்காமலே பிள்ளைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏரிக்கரை திரும்பியதும், "ஓடுடி" என்றேன். ஓடினாள். குழந்தை பசியாறியது. ஆனால் நாங்கள் வீடு சேர்வதற்குள் டவர் வந்து, எங்கள் இருவர் முகமும் இல்லாமல் போட்டோ ஏறிவிட்டது. சங்கராபுரம் ஆபீசில் எங்கள் கூலிக்காகக் கேட்டுப் பார்ப்பதாகப் பொறுப்பாளர் சொல்லியனுப்பினாள். நான் படுத்துவிட்டேன்.

சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்கள் எலுமிச்சை ஜூஸோடு பார்க்க வந்தார்கள். நடித்தேன் என்று சொல்லிச் சிரிக்க ஆசைதான். அது பொறுப்பாளர் காதுக்குப் போனால் பிள்ளைக்காரியின் கூலி திரும்பாது. முனகிக்கொண்டே சொன்னேன்:

"அந்தப் புள்ளக்காரி மட்டும் புடிக்கலன்னா, இந்நேரம் என்ன நாலு பேரு தூக்கிக்கினு போயிருப்பாங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்க. அப்புறம், ஜூஸ்ல உப்பு கம்மி."